முகம் காணாப் பேரம்



மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். மாட்டை விற்க வந்தவரும் தரகரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவருடைய கைகளின்மீதும் ஒரு துண்டு கிடக்கிறது. துண்டின் அடியில் விரலை விரல் பற்றுகிறது, அழுத்துகிறது, விடுகிறது. வாய் திறந்து ஒரு சொல் பேசுவதில்லை. ஒருவர் முகம் சுருங்குகிறது. மற்றவர் தலையை ஆட்டுகிறார். சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் விலை இன்னதென்று தெரியாது. சிறுவனாக இருந்தபோது, துண்டு எதற்கு என்று என் பாட்டனாரைக் கேட்டேன். “ஒருவருக்குச் சொன்ன விலை பக்கத்தில் நிற்பவன் காதில் விழுந்துவிட்டால், அவன் அந்த விலையிலிருந்துதான் பேச்சையே தொடங்குவான், தம்பி” என்றார்.

அந்தத் துண்டை நான் மறந்தே போயிருந்தேன். அமெரிக்காவில், சிகாகோ நகரின் புறத்தே வேலை பார்க்கும் என் தமக்கையின் மகன் புதிய மோட்டார் கார் ஒன்று வாங்கப் புகுந்தபோது அது மீண்டும் நினைவுக்கு வந்தது. அந்நாட்டில் இப்போது கார் வாங்க நினைப்பவர் பலர் முதலில் கடைக்குப் போவதில்லை. வீட்டில் இருந்தபடியே இணையத்தில் வண்டிகளைப் பார்வையிடுகிறார்கள். மனத்துக்குப் பிடித்த வண்டி எந்த விற்பனை நிலையத்தில் நிற்கிறது என்று அறிந்துகொள்கிறார்கள். அந்நிலையத்துக்கு மின்னஞ்சல் விடுக்கிறார்கள். அங்குள்ள விற்பனையாளர் மறுமொழி எழுதுகிறார். இவ்வாறு போய் வந்த கடிதங்கள் அத்தனையையும் என் மருமகன் எனக்கு அனுப்பிவிட்டு, “மாமா, இவர்கள் என்னதான் சொல்ல வருகிறார்கள்? எனக்கு விளங்கவில்லை” என்று கேட்டிருந்தான். முகத்தைக் காணாமல் பேசப்படும் இந்தப் பேரத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேசலாமென எண்ணுகிறேன்.

அவன் ஐந்து நிலையங்களுக்கு எழுதியிருந்தான். ஐந்துக்கும் ஒரே கடிதம். கடிதத்தில் ஒரே கேள்வி. இந்த வண்டியை நான் ஓட்டிக்கொண்டு வெளியேற மொத்தம் எவ்வளவு தரவேண்டும்? அவ்வளவுதான். முதல் நிலையத்தார் நன்றி தெரிவித்து, மாலை நான்கு மணிக்கு வருகிறீர்களா, ஆறு மணிக்கு வருகிறீர்களா என்று கேட்டிருந்தனர். இரண்டாமவர் தொலைபேசி எண்ணைக் கேட்டார். மூன்றாமவர் வண்டியின் குணநலன்களை ஒரு பக்கத்துக்கு வருணித்திருந்தார். நான்காமவர், கொடுத்து மாற்றிக்கொள்வதற்குப் பழைய கார் ஏதேனும் உண்டா என்று வினவினார். ஐந்தாமவர் ஒரு தொகையை எழுதத்தான் எழுதினார். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சிறு விண்மீன் குறி. அந்த விண்மீனைத் தேடிக்கொண்டு கடிதத்தின் அடிக்குப் போனால், வரியும் கட்டணங்களும் நிலையத்தார் பொருத்திய உபகரணங்களும் நீங்கலாக என்று பொடி எழுத்தில் இருந்தது. நான்கு நாட்களில் வந்த மறுமொழிகள் 17. கேட்டதற்கு விடை மட்டும் அவற்றில் இல்லை.

இது ஏமாற்று வித்தை என்று என் மருமகன் சினந்தான். நானும் முதலில் அப்படியே எண்ணினேன். பின்னர் இதைப் பற்றி நூல்களைப் படிக்கவும் அறிந்தவர்களைக் கேட்கவும் தொடங்கினேன். அதன்பின் அந்தப் பதினேழு கடிதங்களையும் திரும்ப எடுத்துப் படித்தபோது அவை வேறு விதமாகத் தோன்றின.

சோப்புக் கட்டிக்கும் சட்டைத் துணிக்கும் விலை பேசி அறியாத அமெரிக்கர்கள் காருக்கு மட்டும் பேரம் பேசுவானேன்? காரைச் செய்யும் பெரிய நிறுவனங்களுள் பெரும்பாலானவை அதைத் தாமே விற்பதில்லை. ஊர்தோறும் தனி முதலாளிகள் நடத்தும் விற்பனை நிலையங்கள் உள்ளன. நிலையத்தார் வண்டியை நிறுவனத்திடம் விலைக்கு வாங்கித் தம் பொறுப்பில் விற்கிறார்கள். இவர்களைக் காக்கும் சட்டங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. வண்டி நிலையத்தாருடைய சொத்து ஆகிவிட்டமையால், இன்ன விலைக்கு விற்கலாம் என்று நிறுவனம் யோசனை கூறலாமேயன்றிக் கட்டளை இடுவதில்லை. அந்த யோசனை விலைகூட ஒரு காலத்தில் வாங்குபவர் கண்ணில் பட்டதில்லை. ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் மன்ரோனி என்பவர் முன்னின்று 1958-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். புதிய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் நிறுவனம் குறித்த விலை, உடன் பொருத்திய சாதனங்களின் விலை, கொண்டுவந்து சேர்த்த செலவு ஆகியவற்றைக் காட்டும் சீட்டு ஒட்டப்பட வேண்டும்; வாங்கியவர் கைக்கு வண்டி போய்ச் சேரும்வரை அதை யாரும் கிழிக்கலாகாது. இன்றும் அமெரிக்கர்கள் அந்தச் சீட்டை அச்செனட்டரின் பெயராலேயே வழங்குகிறார்கள்.

எனினும் சீட்டு காட்டியது கூரையைத்தான், தரையை அன்று. நிலையத்தார் அந்த வண்டிக்குக் கொடுத்த விலை என்ன, எவ்வளவுக்கு இறங்கி வருவார்கள் என்பவை மறைபொருளாகவே நின்றன. கூரைக்கும் தரைக்கும் இடையிலுள்ள வெளியில்தான் பேரம் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘சாட்டர்ன்’ என்று ஒரு காரை 1990-இல் வெளியிட்டு, அதற்குப் பேரமே கிடையாது, ஒரே விலை என்று அறிவித்தது. மக்கள் அதை விரும்பி வாங்கவும் செய்தார்கள். ஆனால் அந்தக் கார் 2010-இல் மறைந்துபோயிற்று, பேரம் மறையவில்லை.

இனி, காட்சிக்கூடத்துக்குள் பேரம் நடந்த விதத்தைச் சற்றே விரித்துச் சொல்லவேண்டும். அது தெரிந்தால்தான் வாங்குபவர்கள் ஏன் கடிதத்தை நாடி ஓடினார்கள் என்பது புலனாகும். வாங்க வந்தவர் நாற்காலியில் அமர்கிறார். விற்பனையாளர் ஒரு தாளை எடுத்துச் சிலுவைபோல் இரண்டு கோடு இழுத்து நான்கு கட்டமாக்குகிறார். ஒரு கட்டத்தில் வண்டியின் விலை, ஒன்றில் பழைய காருக்குத் தரும் மதிப்பு, ஒன்றில் முன்பணம், நான்காவதில் மாதத் தவணை. ஒரு கட்டத்தில் குறைத்ததை இன்னொரு கட்டத்தில் ஏற்றிவிட இடமுண்டு. வாங்க வந்தவருடைய கண் பெரும்பாலும் நான்காம் கட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மாதம் 20 டாலர்தானே கூடுகிறது என்று அவர் எண்ணுகிறார். 72 மாதத் தவணையானால் அந்த இருபது 1,440 ஆகிவிடுகிறது என்று அந்த நேரத்தில் யார் பெருக்கிப் பார்க்கிறார்கள்?

அவர் ஒரு தொகை சொன்னதும் விற்பனையாளர் எழுந்து போகிறார். மேலாளரைக் கேட்டு வருகிறேன் என்கிறார். உள்ளே இருவரும் என்ன பேசினார்களோ, தேநீர்தான் அருந்தினார்களோ, அதை நாம் அறியோம். திரும்பி வந்து, மிகவும் மன்றாடி 200 டாலர் குறைத்து வந்ததாகச் சொல்கிறார். மறுபடி ஒரு தொகை, மறுபடி மேலாளர். மூன்று மணி நேரம் கழிகிறது. குழந்தை அழுகிறது. மனைவி கடிகாரத்தைப் பார்க்கிறார். அலுப்பு மிகுந்தவர் சரி என்று கையெழுத்திட்டுவிடுகிறார். மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதத்தில் பலமுறை இந்த ஆட்டம் ஆடுபவர். இந்தப் பக்கத்தில் இருப்பவரோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆடுபவர். சமமான ஆட்டம் ஆகுமா?

மேசையின் இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வலு சேர்ந்த வரலாறும் உண்டு. கெல்லி என்பவர் 1926-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பழைய கார்களின் மதிப்பை அச்சிட்டு நீலப் புத்தகம் ஒன்று வெளியிட்டார். அது பெரும்பாலும் வியாபாரிகளுக்காகவே. ‘எட்மண்ட்ஸ்’ என்னும் விலைப் புத்தகம் 1966-இல் தோன்றியது. 1990-களின் நடுவில் இந்த விவரங்கள் இணையத்துக்கு வந்து சேர்ந்தன. நிறுவனம் நிலையத்தாருக்கு எழுதும் பட்டியல் விலையை யாவரும் காணலாயிற்று. 1995-இல் கலிபோர்னியாவில், தாமே முன்பு கார் விற்றவரான பீட் எல்லிஸ் என்பவர் ‘ஆட்டோபைடெல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இன்ன வண்டி வேண்டுமென்று இணையத்தில் எழுதினால், அந்த வேண்டுகோளை வாங்குபவர் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்துக்கு அது அனுப்பும்; நிலையத்தார் விலையோடு அவரை நாடி வருவர். நான்கு கட்டத் தாளும் இல்லை. மேலாளரிடம் போய்வரும் நடையும் இல்லை. அழும் குழந்தையும் இல்லை.

இவ்வளவு வசதி வந்தபின்னும் என் மருமகனுக்கு ஏன் விடை கிடைக்கவில்லை? இப்போது மேசையின் அந்தப் பக்கம் போய் அமர்ந்து பார்ப்போம்.

அமெரிக்க விற்பனையாளர்களில் பலருக்கு நிலையான சம்பளம் சிறிது. ஊதியத்தின் பெரும்பகுதி கமிஷன். அந்தக் கமிஷனும் விலையின்மேல் அன்று, லாபத்தின்மேல். லாபத்தில் நூற்றுக்கு 25 பங்கு அவருக்கு என்று வைத்துக்கொள்வோம். விலையில் ஆயிரம் டாலர் குறைத்தால் அவருடைய வீட்டுக்குப் போகவேண்டிய 250 டாலர் குறைகிறது. லாபம் மிகவும் மெலிந்துவிட்டால் ஒரு சிறு நிலைத்தொகைதான் கிட்டும். இந்நிலையில் முகமறியாத ஒருவர் இரவு பத்து மணிக்கு, கடைசி விலை என்ன என்று எழுதுகிறார். விற்பனையாளர் மேலாளரிடம் கேட்டு, இறக்கக்கூடிய அளவு இறக்கி, நேர்மையாக ஒரு தொகையை எழுதி அனுப்புகிறார். மறுநாள் அந்த மனிதர் அதே கடிதத்தைத் தம் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நிலையத்துக்கு அனுப்பி, இதைவிட 100 டாலர் குறைப்பீர்களா என்கிறார். அவர்களும் குறைத்துவிடுகிறார்கள். உண்மையை எழுதியவருக்குக் கிடைத்தது என்ன? நன்றி என்று ஒரு வரிகூட இல்லை. கடைசியில் என் மருமகனுக்கு வண்டியை விற்றவர், அந்த வாரத்தில் 11 பேருக்கு மொத்த விலையை எழுதியனுப்பியதாகவும் இவனோடு சேர்த்து இருவரே வந்ததாகவும் நேரில் சொன்னாராம். அதைக் கேட்டபோதுதான் என் பாட்டனாரின் துண்டு என் நினைவுக்கு வந்தது. காட்சிக்கூடத்தில் சொல்லும் விலை காற்றோடு போய்விடும். கடிதத்தில் எழுதும் விலைக்குத் துண்டு கிடையாது. அதை யாரும் யாருக்கும் காட்டலாம்.

எப்போது வருகிறீர்கள் என்ற கேள்வியின் பொருளும் இப்போது விளங்குகிறதல்லவா? வண்டியைக் கண்ணால் காணாதவர் வாங்கமாட்டார். நேரில் வருபவரே வாங்கக்கூடியவர் என்பது அவர்கள் பட்டறிவு. பல நிலையங்களில் மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதுவோர் தனிப் பிரிவினர். அவர்களுடைய வேலை நாளும் நேரமும் குறித்து வாங்குவது மட்டுமே. எத்தனை பேரை வரவழைத்தாய் என்பதுதான் அவர்களுக்கு அளவுகோல். விலை சொல்லும் அதிகாரமே அவர்களில் பலருக்கு இல்லை. என் மருமகன் தினமும் சினந்துகொண்டு எழுதிய கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி, தமக்கே தெரியாத ஒரு தொகையை மறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்! மேலும், முதல் மறுமொழியை எழுதுவது பல இடங்களில் மனிதரே அல்லர், கணினிதான். அது ஒரு மனிதப் பெயரைக் கையெழுத்தாக இட்டுக்கொண்டு, நலம் விசாரித்து, நான்கு மணியா ஆறு மணியா என்று கேட்கிறது. இது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. எழுதியவர் மனிதரா இயந்திரமா என்று அறியும் உரிமை கடிதம் பெறுபவருக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

வாங்குபவர்களும் மாசற்றவர்கள் அல்லர். இல்லாத வேறொரு விலையை இருப்பதாகச் சொல்கிறார்கள். இன்றே வருகிறேன் என்று எழுதிவிட்டு மறைந்துபோகிறார்கள். பணம் கடனா ரொக்கமா என்று கேட்டால் எது லாபமோ அதைச் சொல்கிறார்கள். இதை விரிக்க வேண்டியதில்லை. நம்மில் எவருக்கும் புதிதன்று.

ஆகவே இரண்டு பக்கமும் அச்சம். வாங்குபவர், காட்சிக்கூடத்துக்குப் போனால் சோர்ந்து இணங்கிவிடுவோம் என்று அஞ்சி விலையைக் கேட்கிறார். விற்பவர், விலையைச் சொன்னால் அது ஊர்சுற்றப் போய்விடும் என்று அஞ்சி வருகையைக் கேட்கிறார். ஒருவர் கேள்விக்கு மற்றவர் விடை தராமைக்கு இதுவே காரணம். இதைக் கண்டுகொண்டபின் நானும் என் மருமகனும் தொலைபேசியில் கலந்து பேசி இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதினோம்.

அக்கடிதத்தில் பொதுவாக ஒரு மாதிரியைக் குறிப்பிடாமல், அந்நிலையத்தில் நிற்கும் குறிப்பிட்ட ஒரு வண்டியை, அதன் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியோடு குறித்தோம். தான் எந்த ஊரில் குடியிருக்கிறான் என்று எழுதினான். வரியைக் கணக்கிட அது வேண்டும். பழைய கார் இல்லை, கடனுக்கு வங்கியில் ஏற்பாடு ஆகிவிட்டது என்று தெரிவித்தான். வரி, பதிவுக் கட்டணம், நிலையத்தாரின் ஆவணக் கட்டணம் எல்லாம் அடங்கிய ஒரே தொகையை, பிரிவு பிரிவாகக் காட்டி எழுதக் கோரினான். மூன்று நிலையங்களுக்கு எழுதுகிறேன் என்பதை மறைக்காமல் சொன்னான். இறுதியில் இப்படி முடித்தான்: தொகை ஏற்கத்தக்கதாயின் சனிக்கிழமை காலை வந்து அன்றே வாங்கிக்கொள்கிறேன். ஞாயிறு என்று எழுத முடியாது. அந்த இல்லினாய் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை கார் விற்பனை சட்டப்படி கிடையாது. அது மாதத்தின் கடைசி வாரமாகவும் அமைந்தது. இன்ன மாதத்தில் இத்தனை வண்டி விற்றால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று நிறுவனங்கள் நிலையத்தாருக்கு இலக்கு வைப்பதுண்டு. இலக்குக்கு இரண்டு வண்டி குறையும் நிலையத்தார் அந்த வாரத்தில் மிகவும் இனிமையாகப் பேசுவார்கள்.

எழுதிய மூன்றில் இரண்டு நிலையங்களிலிருந்து அன்று மாலையே மொத்தத் தொகை வந்தது. ஒன்று 31,140 டாலர். ஒவ்வொரு கட்டணமும் தனித்தனி வரியில் இருந்தது. மற்றொன்று அதனினும் 300 டாலர் குறைவு. ஆனால் ஆவணக் கட்டணம் தனி என்று ஒரு குறிப்பு. அந்தக் கட்டணத்துக்குச் சில மாநிலங்கள் உச்சவரம்பு விதித்திருக்கின்றன. புளோரிடா போன்ற மாநிலங்களில் வரம்பே இல்லை. விலையில் விட்டுக்கொடுத்ததைக் கட்டணத்தில் திரும்பப் பிடித்துக்கொள்வது பழைய உத்தி. இதைத் தடுக்க அமெரிக்க மத்திய வாணிக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதி இயற்றியது. குறிப்பிட்ட வண்டியைப் பற்றி ஒருவர் கேட்டால், அரசாங்கக் கட்டணங்கள் நீங்கலாக முழு விலையை நிலையத்தார் தம் முதல் மறுமொழியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. என் மருமகன் கேட்டதும் ஏறக்குறைய அதுவே! நிலையத்தாரின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. ஆணையம் விதி இயற்றிய முறையில் பிழை உண்டு என்று கூறி, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. விதி நடைமுறைக்கு வரவே இல்லை.

இதுவரை சொன்னவை ஒரு குடும்பத்தின் பணத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது அதனினும் பெரிது. ஐயன் அயர்ஸ் என்னும் சட்டப் பேராசிரியர் அதே சிகாகோ வட்டாரத்தில் ஒரு சோதனை நடத்தினார். வயதும் கல்வியும் உடையும் ஒத்திருக்கும்படி சிலரைத் தேர்ந்தெடுத்தார். இன்ன நேரத்தில் இன்ன சொல்லைச் சொல்லவேண்டும், இன்ன தொகையைக் கேட்கவேண்டும் என்று அனைவருக்கும் ஒரே பாடத்தைப் பயிற்றினார். சிலர் வெள்ளை ஆண்கள். சிலர் வெள்ளைப் பெண்கள். சிலர் கறுப்பின ஆண்கள். சிலர் கறுப்பினப் பெண்கள். ஒவ்வொருவரும் நிலையம் நிலையமாகப் போய் விலை கேட்டனர். முதல் முடிவுகள் 1991-இல் வெளிவந்தன. பீட்டர் சீகல்மன் என்பாரோடு சேர்ந்து முந்நூறுக்கு மேற்பட்ட பேரங்களை ஆராய்ந்த விரிவான கட்டுரை 1995-இல் வெளிவந்தது. சொல் ஒன்று, உடை ஒன்று, வண்டி ஒன்று. விலை மட்டும் ஒன்றாக இல்லை. மிகக் குறைந்த விலை வெள்ளை ஆண்களுக்கே சொல்லப்பட்டது. இந்த இரண்டாவது ஆய்வில், கறுப்பின ஆண்களிடம் கடைசியாகக் கேட்கப்பட்ட தொகை வெள்ளை ஆண்களிடம் கேட்டதைவிட ஏறத்தாழ 1,100 டாலர் அதிகம். இதைவிட வருந்தத்தக்க செய்தி ஒன்று முதல் ஆய்வில் இருக்கிறது. வந்தவருடைய இனத்தையும் பாலையும் சேர்ந்த விற்பனையாளரிடமே அவர் அனுப்பப்பட்டார்; அந்தத் தம்மவரே அவருக்கு மோசமான விலையைச் சொன்னார்.

இதை வெறும் வெறுப்பின் விளைவு என்று சொல்லிவிட முடியுமா? வெறுப்பும் இருக்கலாம். ஆனால் காட்சிக்கூடத்துக்குள் நுழைபவரைப் பார்த்தவுடன், இவர் எவ்வளவு தருவார், எவ்வளவு அலைவார், எப்போது சோர்வார் என்று ஊகிப்பது விற்பனையாளரின் தொழில். முகமும் நிறமும் உடன் வந்தவரும் அந்த ஊகத்துக்கு உணவாகின்றன. ஊகத்துக்கு உட்பட்டவரோ தாம் அதிகம் கொடுத்ததை அறிவதேயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன கொடுத்தார் என்பது அவருக்குத் துண்டின் அடியில் நிகழ்ந்த செய்தி.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2003-இல், ஸ்காட் மார்டன், சில்வா-ரிஸ்ஸோ, செட்டல்மேயர் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் உண்மையாகவே நடந்த கார் விற்பனைகளின் பதிவுகளைக் கொண்டு இதே கேள்வியை மீண்டும் எழுப்பினார்கள். காட்சிக்கூடத்தில் நேரே போய் வாங்கிய கறுப்பினத்தாரும் ஹிஸ்பானியரும் மற்றவர்களைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கு கூடுதலாகக் கொடுத்திருந்தனர். அதில் மூன்றில் இரண்டு பங்கு வரையில் வருமானம், கல்வி, அலைந்து தேடும் வசதி ஆகியவற்றின் வேறுபாட்டால் நேர்ந்தது என்றும் அவர்கள் காட்டினர். இணையத்தின் வழியே வேண்டுகோள் விடுத்து வாங்கியவர்களிடமோ அந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது. வருமானம் எதுவாயினும், கல்வி எதுவாயினும், வெள்ளையர் கொடுத்த விலையையே அவர்களும் கொடுத்திருந்தனர்.

முகம் தெரியாத பேச்சு வறண்ட பேச்சு என்று நாம் குறைகூறுவது வழக்கம். புன்னகை இல்லை, குரல் இல்லை, உபசாரம் இல்லை என்கிறோம். அந்தக் குறையே சிலருக்குப் பெரும் பாதுகாப்பாயிற்று என்பதை நான் முன்பு எண்ணிப் பார்த்ததில்லை. நேரே பேசிப் பேசித் தோற்றுப்போனவருக்கு, நிறமும் வயதும் தெரியாத ஒரு தாள் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஆயினும் இதையும் மிகைப்படுத்தலாகாது. கடிதத்தின் அடியில் பெயர் இருக்கிறது. பெயரைக் கொண்டும் ஊகிப்பவர்கள் உண்டு. என் மருமகனுடைய பெயர் நம் ஊர்ப் பெயர். சுருக்கவே முடியாத நீண்ட பெயர். முதல் கடிதங்களுக்கு விடை வராதபோது, பெயரைப் பார்த்துத்தான் இப்படி நடத்துகிறார்களோ என்ற எண்ணம் ஓரிரவு அவனை உறங்கவிடவில்லை என்று பின்னால் சொன்னான். அதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் அந்த ஐயம் எழுந்தது என்பதே ஒரு செய்தி.

அவன் 31,140 டாலர் நிலையத்தையே தேர்ந்தான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனான். கூட்டம் நிறைந்திருந்ததாம். விற்பனையாளர் நரைத்த தலையர். மின்னஞ்சலை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தார். தொகை மாறவில்லை. வண்டியை ஓட்டிப் பார்த்தான். நிதி அறையில் இன்னொருவர், கூடுதல் உத்தரவாதம், வண்ணக் காப்பு, சக்கரக் காப்பு என்று மூன்று சரக்குகளை விற்க முயன்றார். மூன்றையும் வேண்டாம் என்றான். காகிதங்கள் ஆயத்தமாவதற்கு அரைமணி நேரம் இருந்தது. பேரம் பேச ஏதும் மீதி இல்லை. இருவரும் சும்மா எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவர் அச்செடுத்த தாளைத் தம் பக்கம் திருப்பி, அடியிலிருந்த பெயரின்மேல் விரலை வைத்து, மூன்று நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை என்றாராம். என் மருமகன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தான். நான்காம் முறை சரியாக வந்தது.